அப்பளம் உடைந்தால் வண்டி கிளம்பும்

1. மாட்டுவண்டியில் வந்த மோட்டார் சைக்கிள்

பட்டறைக்கு மோட்டார் சைக்கிள் ஓடி வரும். தள்ளிக்கொண்டு வருவார்கள். சில சமயம் கயிறு கட்டி இழுத்து வருவார்கள். மாட்டுவண்டியில் வைக்கோல் மேல் படுத்துக்கொண்டு ஒரு வண்டி வந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். தென்காசியில் ஆடிக் காற்று தூற்றலைத் தூக்கி வந்து முகத்தில் வீசிக்கொண்டிருந்தது. செங்கோட்டை ரோட்டோரம் பவுல் மேஸ்திரியின் பட்டறை. அவர் பட்டாளத்தில் வண்டி பழுது பார்த்து வந்தவர். முன்பக்கம் அவருடைய எஞ்சின்கள், பின்பக்க மூலையில் என்னுடைய தையல் மிஷின். நான் தார்ப்பாய் தைப்பவன். புளியங்குடியிலிருந்து எலுமிச்சங்காய் ஏற்றிப் போகும் லாரிகளுக்குத் தார்ப்பாய், ஜீப்புக்கு மேற்கூரை, சீட்டுக்கு உறை. அதுதான் என் உலகம். நானே முடித்துக் கொடுத்த தார்ப்பாயை விரித்துப் போட்டுக்கொண்டு, இது எந்த ஊர் மழையையெல்லாம் பார்க்கப் போகிறது என்று நினைத்தபடி உட்கார்ந்திருப்பேன். கால் தரிக்காத வயசு. தையல் மிஷினோ, உட்கார்ந்தே ஓட்ட வேண்டிய வண்டி.

மாட்டுவண்டிக்குப் பக்கத்தில் நடந்து வந்தவர் சிதம்பரம் அண்ணாச்சி. குற்றாலத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். சீசனுக்கு வருகிற ஜனம் அவர் ஸ்டுடியோவில், திரைச்சீலையில் வரைந்த அருவிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும். கூப்பிடு தூரத்தில் அசல் அருவி. ஆனால் அங்கே கேமராவைக் கொண்டுபோனால் நனைந்துவிடும். வருஷக்கணக்காக அந்தப் பெயின்ட் அருவியைப் பார்த்துப் பார்த்து அவருக்குள் ஏதோ புளித்துப் போனது. மலைத்தொடர் முழுக்க எத்தனை அருவி, அத்தனையையும் மழைக்காலத்தில், நிறைந்து விழும்போது படம் பிடிக்க வேண்டும். கடைசியாக மைசூர் சீமையில் ஜோக் அருவி. பட்டாளம் கழித்துப் போட்ட பழைய வண்டி ஒன்றை வாங்கிக் கிளம்பிவிட்டார். போன வழியெல்லாம் காடு. கொட்டுகிற மழை. திரும்பி வந்த கோலம்தான் இது.

"என்ன அண்ணாச்சி, வண்டிக்கு வயிறு சரியில்லையோ?" என்றார் மேஸ்திரி.

"வண்டி கெடக்கட்டும் மேஸ்திரி. இதப் பாரும்."

நெஞ்சோடு அணைத்திருந்த பையைத் திறந்தார். ரப்பர் ஷீட்டில் சுற்றிய பிலிம் சுருள்கள். ஒன்றை இழுத்தார், இரண்டு வந்தது. அந்த மழையில் எடுத்த படமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசினாகக் கிடந்தது.

பின்னாலேயே பஸ்ஸில் வந்து இறங்கியவர் அவர் மனைவி கோமதியக்கா. அப்பளம் இட்டு விற்பவர். ஈரம் என்றால் என்னவென்று அந்த ஊரில் அவரை விடத் தெரிந்தவர் கிடையாது. சாரல் மாசங்களில் குற்றாலத்தில் அப்பளம் காயவைப்பது, ஓடுகிற ஆற்றில் கோலம் போடுகிற மாதிரி.

"டீக்கடையில என்ன பேசுதானுவ தெரியுமா? அருவியப் படம் எடுக்கப் போனவரு அருவியவே பொட்டியில அடைச்சுக் கொண்டாந்துட்டாராம். ரோட்டுல தலை காட்ட முடியல மேஸ்திரி."

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த தலையோடேயே, "அடுத்த சாரலுக்கு மறுபடி போவேன். வண்டியச் சரி பண்ணி, நனையாத பையும் செஞ்சு தாங்க," என்றார்.

கோமதியக்கா அவரைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்துச் சொன்னார்: "போகட்டும். ஆனா ஒண்ணு. நீங்க செய்யுத பையில என் அப்பளத்தப் போட்டுத் தண்ணியில விடுவேன். வெளிய எடுத்தா அப்பளம் உடையணும். வளைஞ்சுதுன்னா வண்டி வீட்டுலதான். இதுக்கு மேல ஒரு வருசம் இந்த மனுசன் அழுததப் பாக்க என்னால ஆகாது."

நன்றாகக் காய்ந்த அப்பளம் 'டப்' என்று உடையும். ஈரம் ஏறிய அப்பளம் வெற்றிலை போல வளையும். இதற்கு மேல் துல்லியமான கருவி எந்த லேபரட்டரியிலும் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

2. மேஸ்திரி வண்டியை உயர்த்தினார்

மேஸ்திரி முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. "கல்லெல்லாம் இங்கனதான் முத்தங் குடுத்திருக்கு," என்ற குரல் மட்டும் வந்தது.

எஞ்சினுக்கு அடியில் பழைய லாரிச் சேசிஸ் தகட்டை வளைத்துக் கவசம் போட்டார். சைலன்சரைத் தரையிலிருந்து பிடுங்கி சீட்டு உயரத்துக்குத் தூக்கினார். கால் சுடாமல் இருக்கக் கயிறு சுற்றினார். செயினை இழுக்கிற முன் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றிப் பல் குறைந்த ஒன்றை மாட்டினார். "வேகம் குறையும் அண்ணாச்சி. பஸ்காரன் ஆரன் அடிச்சா ஒதுங்கிக்கிடும். ஆனா ஏத்தத்துல கோயில் யானை மாதிரி ஏறும்." ஹேண்டில் பாரை அகலப்படுத்தினார். கார்புரேட்டர் தண்ணீரைக் குடித்துவிடாமல், லாரி ரேடியேட்டர் ஹோஸ் துண்டு ஒன்றை மாட்டி, மூச்சு வாங்குகிற வாயைப் பெட்ரோல் டாங்குக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார். எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற மாக்னெட்டோவின் மூடிக்கு டியூப் ரப்பரில் வாஷர் வெட்டி, கிரீஸ் பூசினார்.

அவர் செய்ததில் என் மனசுக்குப் பிடித்தது கிளச் கேபிள். இருக்கிற கேபிளோடு ஒட்டியே இன்னொரு புதுக் கேபிளையும் ஓட்டிக் கட்டி வைத்துவிட்டார். காட்டில் அறுந்தால் முனையை மட்டும் மாற்றி மாட்டினால் போதும். தேடவும் வேண்டாம், கோக்கவும் வேண்டாம். துணையை முன்கூட்டியே பக்கத்தில் படுக்க வைத்துவிட்டார் மனுஷன்.

துணிப் பைக்குப் பதில் தகரப்பெட்டி என்றுதான் மேஸ்திரி நின்றார். செய்தும் மாட்டினார். பழைய குற்றாலம் போகிற கல்லுப் பாதையில் ஒருதரம் ஓட்டிப் பார்த்தோம். சத்தம் கேட்டு ஒரு தோப்புக் குரங்கெல்லாம் மரம் மாறியது. உள்ளே வைத்த கண்ணாடி டம்ளர் மாவாகிக் கிடந்தது.

"டம்ளர் இந்தப் பாடுன்னா லென்ஸ் என்னத்துக்கு ஆவும்?" என்று மேஸ்திரியே பெட்டியைக் கழற்றி என் மிஷின் பக்கம் பார்த்தார். "ஏலே முத்தையா, ஒன் துணிதாம்லே."

நான் காத்திருந்த வார்த்தை. லாரிக்குப் போடுகிற கெட்டிக் கேன்வாஸை இரட்டையாக எடுத்தேன். பங்குனி வெயில் காய்ந்தபோது மலைத்தேன் மெழுகும் குங்கிலியமும் லின்சீடு ஆயிலும் சேர்த்துக் காய்ச்சி, துணி குடிக்கக் குடிக்கத் தேய்த்தேன். பட்டறையே கோயில் மாதிரி மணத்தது. இரண்டு பை. வண்டியின் இரு பக்கமும் ஒவ்வொன்று. ஒவ்வொரு தையலையும் ஓட்டுக் கூரை மாதிரி மேல்மடிப்பு கீழ்மடிப்பை மூட அடுக்கினேன். அப்படி ஒரு பையை நான் அதுவரை தைத்ததில்லை. தடவிப் பார்த்தால் குதிரையின் கழுத்து போல இருந்தது.

3. பேரருவியில் ஒரு குளியல்

மறு ஆனியில் சாரல் இறங்கியது. பேரருவி தடுப்புக்கு வெளியே எகிறி விழுந்தது. மழையைச் சோதிக்க அதைவிட என்ன வேண்டும்? பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தேன். உள்ளே கோமதியக்காவின் அப்பளம்.

உடம்பெல்லாம் எண்ணெய் வழிய வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் பையைத் தொட்டுப் பார்த்தார். விரலை மோந்தும் பார்த்தார்.

"என்னடே, பையிக்கும் எண்ணெய் தேச்சுக் கூட்டியாந்திருக்க?"

"ஆமா பெரியவரே. அதுக்கு உடம்புச் சூடு."

"நல்லாத் தேக்கணும். முதுகுல பத்தாது பாரு," என்று தன் கிண்ணத்திலிருந்து ஒரு கை நல்லெண்ணெயை அள்ளிப் பூசியே விட்டார்.

அருவிக்கு நடுவில் போய் நின்றேன். நடுமுதுகில் யாரோ நெல் மூட்டையை இறக்கியது போல் விழுந்தது தண்ணீர். விழுந்துகொண்டே இருந்தது. மூச்சு முட்டும் வரை நின்றேன். வெளியே வந்து பையைத் திறந்தோம். குடைக்குள் வைத்துக் கோமதியக்கா அப்பளத்தை எடுத்தார்.

டப்.

நான் கத்திய கத்தலில், யாரோ வழுக்கி விழுந்துவிட்டார் என்று பக்கத்தில் குளித்தவர்கள் ஓடி வந்தார்கள். அண்ணாச்சி என் ஈரத் தலையைப் பிடித்து ஆட்டினார். மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. "அருவியில குளிச்சாச்சு. வண்டி ஆத்துல எறங்கட்டும், பொறவு சிரி," என்றார்.

4. சிற்றாற்றில் வளைந்தது

வண்டிப்பாதை சிற்றாற்றைக் கடக்கிற ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தோம். முழங்காலுக்கு மேல் செம்மண் தண்ணீர். அண்ணாச்சி முதல் கியரில் இறங்கினார். தண்ணீர் எஞ்சினைத் தொட்டது, சைலன்சர் மேலே நின்று இருமியது, வண்டி ஒருமுறை பக்கவாட்டில் ஆடியது. அப்புறம் எருமை கரையேறுகிற நிதானத்தில் அந்தப் பக்கம் ஏறியது. எஞ்சின் ஒரு துடிப்புகூடத் தப்பவில்லை. பவுல் மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து ஆகாசத்தில் வீசினார்.

திரும்பவும் ஆற்றைக் கடந்து எங்கள் பக்கம் வந்தார். பையைத் திறந்தோம். கோமதியக்கா அப்பளத்தை எடுத்து, இரண்டாக மடித்தார். நான்காக மடித்தார். பீடா மாதிரி சுருட்டி என் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தா தம்பி. சுண்ணாம்பு இருந்தாத் தடவிக்கோ."

யாரும் சிரிக்கவில்லை. எஞ்சின் மட்டும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

பையைக் கவிழ்த்துப் பார்த்ததும் புரிந்தது. அடித் தையல். மேலிருந்து வழிகிற தண்ணீருக்கு ஓடு மாதிரி அடுக்கிய மடிப்பு, கீழிருந்து ஏறுகிற தண்ணீருக்கு வாய் திறந்து நின்றது. நான் வாழ்நாளெல்லாம் தைத்தது தார்ப்பாய். தார்ப்பாய்க்கு மேல் உண்டு, ஓரம் உண்டு, அடி கிடையாது. அதோடு நான் இந்த ஊர்க்காரன். பிறந்ததிலிருந்து தண்ணீரை அண்ணாந்தே பார்த்தவன். அது காலுக்கடியிலிருந்து வந்து கதவைத் தட்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அருவியில் சோதித்துவிட்டுக் கூத்தாடிய என்னைப் போல ஒரு முட்டாளை வேறு ஊரில் பார்க்க முடியாது. வேறு ஊரில் சோதிக்க அருவி ஏது?

அண்ணாச்சி என்னைக் குறை சொல்லவில்லை. மேற்கே மேகம் உட்கார்ந்திருந்த மலையைப் பார்த்தார். "அங்கன எல்லா அருவியும் இப்பம் ரொம்பி வழியும் முத்தையா," என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் தூங்கியிருப்பேன்.

5. ஒழுகினா எப்படி விப்பேன்?

அடித் தையலில் மெழுகை ஊற்றினேன். ரப்பர் சொல்யூஷன் பூசினேன். பட்டை வைத்து அதன்மேல் இன்னொரு பட்டை தைத்தேன். பட்டறைத் தொட்டியில் முக்கி முக்கி எடுத்தேன். ஊசி போன வழியெல்லாம் தண்ணீரும் போனது. ஓட்டையை அடைக்க இன்னும் நூறு ஓட்டை போடுகிறவன்தானே தையல்காரன்.

கோமதியக்கா தினமும் பஸ்ஸில் வந்து ஒரு அப்பளத்தை வைத்துவிட்டுப் போனார். தினமும் அது வளைந்தது. மலையில் மேகம் கனத்துக்கொண்டே வந்தது. குற்றாலத்து டீக்கடையில் புதுப் பேச்சு கிளம்பியிருந்தது: "பை காயுத வரைக்கும் அண்ணாச்சிக்கு லீவாம்லே!"

ஆய்க்குடிக்கு ஒரு தார்ப்பாய் கொடுக்கச் சைக்கிளில் போனேன். வழியில் பனைமரத்தடியில் பதநீர் விற்றார்கள். அந்த வருஷத்துக் கடைசிப் பதநீராக இருக்கும். பனையோலையைத் தொன்னை போல மடித்துப் பட்டை பிடித்து, அதில் ஊற்றிக் கையில் கொடுத்தார் விற்கிற அம்மாள். ஒரு வாய் குடித்தேன். அப்புறம் பட்டையைத் தூக்கிப் பிடித்து அடியைப் பார்த்தேன். இந்தப் பக்கம் பார்த்தேன். அந்தப் பக்கம் பார்த்தேன்.

"என்ன தம்பி, பூச்சி கெடக்கா?"

"இல்லக்கா. இது ஏன் ஒழுகல?"

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒழுகுனா நான் எப்படிப்பா விப்பேன்?"

நியாயம். ஆனால் எனக்குத் தலைக்குள் ஏதோ திறந்துகொண்டது. இந்தப் பட்டைக்குத் தையலே இல்லை. ஓலையை வெட்டவில்லை, ஒட்டவில்லை. மடித்து, மடித்த காதுகளை மேலே ஏற்றிக் கட்டியிருக்கிறது. கட்டு இருக்கிற இடத்துக்குப் பதநீர் வருவதே இல்லை. வயலில் வேலை செய்கிறவன் முதல் கோயிலுக்குப் போகிறவன் வரை எல்லாரும் குடித்து எறிகிற ஓலை. நானும் எத்தனையோ பட்டை குடித்து எறிந்தவன்.

இன்னொரு பட்டை வாங்கினேன். குடிக்காமல் அப்படியே பிரித்தேன். பதநீர் மணலில் ஓடியது. "கிறுக்குப் பய," என்று அந்த அம்மாள் சொன்னது காதில் விழுந்தபோது நான் சைக்கிளில் ஏறியிருந்தேன். தார்ப்பாயை ஆய்க்குடியில் கொடுக்க மறந்து, அதோடேயே பட்டறைக்குத் திரும்பியிருக்கிறேன். அதற்கு மறுநாள் தனியாக ஏச்சு வாங்கினேன்.

பழைய பைகளை வீசிவிட்டு, ஒவ்வொரு பைக்கும் ஒரே துண்டாக, மெழுகேற்றிய இரட்டைக் கேன்வாஸ் எடுத்தேன். கத்தரிக்கோலை மேஸ்திரியிடம் கொடுத்து, "நான் கேட்டாலும் தராதீய," என்றேன். இரட்டைக் கேன்வாஸ் ஓலை போல மடியுமா? மடியாது. சூடான மெழுகை மூலைகளில் ஊற்றி, இளகியிருக்கும்போதே கட்டையால் தட்டித் தட்டி மடித்தேன். விரலெல்லாம் கொப்புளம். நான்கு மூலைக் காதுகளையும் பக்கவாட்டில் ஏற்றி, மேல் விளிம்போடு மட்டும் சேர்த்துத் தைத்தேன். அடியில் ஊசி படவில்லை. பக்கத்தில் ஊசி படவில்லை. வாய்க்கு மட்டும் பழைய ஓட்டு மடிப்பு மூடி. தொட்டியில் வைத்தபோது பை முங்க மாட்டேன் என்றது. வாத்து மாதிரி மிதந்தது.

மறுபடி சிற்றாறு. இந்த முறை அண்ணாச்சி நடு ஆற்றில் வண்டியை நிறுத்தினார். எஞ்சினையும் அணைத்தார். தண்ணீர் பையின் பாதிக்கு மேல் ஏறி இருபக்கமும் சுழித்துக்கொண்டு போனது.

"ஏன்யா நிக்கீரு? வாரும்!" என்று மேஸ்திரி கரையிலிருந்து கத்தினார்.

"நிக்கட்டும் மேஸ்திரி. காட்டுல நின்னா யாரு வந்து தள்ளுவா?"

கரையில் கோமதியக்கா முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஒரு வழியாக அண்ணாச்சி கிக்கரை உதைத்தார். முதல் உதையில் எஞ்சின் பிடித்தது. வண்டி ஏறி வந்தது. பையைத் திறந்தார்கள்.

டப்.

அக்கா உடைந்த இரண்டு பாதியில் ஒன்றை மேஸ்திரியிடமும் ஒன்றை என்னிடமும் கொடுத்தார். "சுடாத அப்பளம்தான். தின்னுங்க," என்றார். தின்றோம். அவர் புருஷன் பக்கம் திரும்பி, "எப்பம் கிளம்புதீய?" என்றார்.

6. ஜோக்கிலிருந்து ஒரு சத்தம்

அண்ணாச்சி ஆரியங்காவுக் கணவாய் வழியாக மலையேறினார். பிலிமோடு ஒரு துணி முடிச்சில் வறுத்த அரிசி வைத்து அனுப்பினார் அக்கா. பை திறக்கும்போது ஏறுகிற ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். டீக்கடை அடுப்பு கண்ட இடத்தில் மறுபடி வறுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மேற்கே இடிக்கிற இடி மட்டும்தான்.

நான் தார்ப்பாய் தைத்தேன். மிதியை மிதிக்கும்போதெல்லாம் என் இரண்டு பையும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே நான் காடு கடந்தேன்.

ஆவணியில் ஒரு பகல். செங்கோட்டை ரோட்டில் ஒரு சத்தம் வந்தது. மேஸ்திரி ஸ்பேனரைக் கீழே போட்டார். "நம்ம எஞ்சின்!" என்றார். நிறமே தெரியாமல் சேறு அப்பிய வண்டி, அதன்மேல் சேறு அப்பிய ஒரு மனுஷன், அந்தச் சேற்றுக்குள் பல் மட்டும் வெள்ளையாக. மாட்டுவண்டி இல்லை. கயிறு இல்லை. ஓடி வந்தது.

எங்களை நிற்கவைத்தே சொன்னார். மரம் வெட்டி இழுக்கிற கூப்பு ரோட்டில் சக்கரம் பாதி புதையப் போனது. அட்டை ஏறிய காலோடு தூங்கியது. பாலம் போன இடத்தில் ஓடையில் இறங்கி, வண்டியோடு சாய்ந்தது. "முழுசாப் படுத்திருக்கும்லே. ஒன் பை அமுங்க மாட்டேன்னுட்டு. தோள்ல கை குடுத்த மாதிரி நின்னுது. எந்திச்சு நிமித்திட்டு வந்தேன்." ஒரு கேபிள் அறுந்திருக்கிறது, பக்கத்தில் படுத்திருந்த துணை எழுந்து வேலைக்கு வந்திருக்கிறது. மேஸ்திரி அதை மட்டும் இன்னொருதரம் சொல்லச் சொன்னார்.

எல்லாருமாகக் குற்றாலம் போனோம். ஸ்டுடியோ வாசலில் டீக்கடைக் கூட்டம் முழுக்கக் கூடிவிட்டது. கோமதியக்கா பிலிமைத் தொடவில்லை. பைக்குள் கையைவிட்டு, பிலிமுக்கெல்லாம் அடியிலிருந்து சின்னத் துணிப்பொட்டலம் ஒன்றை உருவினார். அது அங்கே இருப்பது அண்ணாச்சிக்கே தெரியாது. புறப்படும் அன்று அக்கா ஒளித்து வைத்தது. ஜோக் வரை போய்த் திரும்பிய ஒற்றை அப்பளம்.

கூட்டம் கழுத்தை நீட்டியது. தூரத்தில் பேரருவி மட்டும் இரைந்தது.

டப்.

"கழுவிப் பாக்கவே வேண்டாம்," என்றார் அக்கா. "படம் நல்லாருக்கு." குரல் கொஞ்சம் உடைந்தது. அப்பளம் போலத்தான், காய்ந்து.

படம் நல்லாத்தான் இருந்தது. பெயின்ட் அருவியைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஜோக் அருவியை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டினார்கள். மேகத்துக்குள்ளிருந்து ஒரு மலையே அவிழ்ந்து விழுகிற மாதிரி இருக்கும். கேலி பேசிய டீக்கடைக்காரர் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"நம்ம அருவிய விடப் பெருசோ அண்ணாச்சி?"

"பெருசுதான்."

"அங்கன நின்னு குளிக்க முடியுமா?"

"முடியாது."

"பொறவு என்னத்துக்கு?" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் அண்ணாந்தார்.

அடுத்த சாரலுக்குள் பட்டறைக்கு ஆள் வர ஆரம்பித்தது. காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர், காட்டுக்குள் சர்வேக்குப் போகிறவர், வடக்கே பனிமலை பார்க்கப் போகிறேன் என்று வந்த ஒரு வாத்தியார். மேஸ்திரி வண்டியை உயர்த்துவார், நான் பட்டைப் பை மடிப்பேன். நானும் ஒருநாள் சொந்தப் பையைச் சொந்த வண்டியில் மாட்டிக்கொண்டு ஆரியங்காவு ஏறினேன். அது வேறு வேலை, வேறு கதை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது ஒன்றுதான். நமக்குத் தெரிந்த தண்ணீரில் சோதித்துப் பார்த்துவிட்டுக் கத்தாதீர்கள். வண்டி போகப்போவது நமக்குத் தெரியாத தண்ணீருக்கு. இன்றைக்கும் ஒருவர் துணியோடு வந்து நின்றால், அளவை நான் கேட்பதில்லை. "தண்ணி எந்தப் பக்கமிருந்து வரும்?" என்றுதான் கேட்பேன். அவர் யோசித்துப் பதில் சொன்ன பிறகுதான் ஊசியில் நூல் ஏறும்.